மரத்துக்குப் பசி இல்லை, மூச்சுத் திணறல்



நாலு வருசத்துக்கு முந்தி, ஒரு மாசி மாதம், நொய்யல் கரையோரம் ஒரு தோப்புக்குப் போயிருந்தேன். அறுபது தென்னை, முப்பது வயசு மரங்கள். கொண்டை சிறுத்து, அடிமட்டைகள் பழுத்துத் தொங்கின. குரும்பை கொட்டிக் கிடந்தது. தோட்டக்காரர் எழுபதைத் தாண்டியவர்.

"கண்ணு, வருசம் தவறாம மரத்துக்கு அம்பது கிலோ சாணி எரு வெக்கறேன். மாசம் ஒருக்கா ஜீவாமிர்தம் உடறேன். புண்ணாக்கும் வெச்சுப் பாத்துட்டேன். மரம் எடுக்கவே மாட்டேங்குது. அடுத்த மாசம் மர யாவாரி வரேன்னிருக்கான், வெட்டிப் போடலாம்னு இருக்கறேன்" என்றார்.

"வெட்டறதை எப்ப வேணா வெட்டிக்கலாங்கய்யா. முதல்ல ஒரு குழி போட்டுப் பார்த்துடலாங்க" என்றேன்.

மரத்திலிருந்து நாலு அடி தள்ளி இரண்டடிக் குழி எடுத்தோம். மேல் அரையடி காய்ந்த ஓடு மாதிரி இருந்தது, கடப்பாரைதான் இறங்கியது. அதற்குக் கீழே மண் ஈரம், நிறம் சாம்பல். முகத்தைக் கிட்டே கொண்டு போனால் அழுகின முட்டை வாடை. போன வருசம் வைத்த எரு மக்காமல் கருத்த கட்டியாக அப்படியே இருந்தது. ஒரு வேரை இழுத்தேன், மேல்தோல் உறை கழன்ற மாதிரி கையோடு வந்துவிட்டது.

சாப்பாடு இலையிலேயே இருக்கிறது, சாப்பிடுகிறவனுக்கு மூச்சு முட்டுகிறது. அந்தக் குழி சொன்ன சேதி இதுதான். இப்படிப்பட்ட மண்ணில் மேலும் மேலும் எரு வைப்பதால் மரம் தேறாது. முதலில் மண்ணில் காற்று நுழைய வேண்டும். அது ஏன், எப்படி என்பதுதான் இந்த மாதப் பாடம்.

வேரும் மூச்சு விடுகிறது

இலை பகலில் ஆக்ஸிஜனை வெளியே விடுகிறது என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம். அதனால் செடிக்கு ஆக்ஸிஜன் தேவையில்லை என்று மனசில் பதிந்துவிட்டது. வேருக்குப் பச்சையம் கிடையாது. இலை அனுப்புகிற சர்க்கரையை எரித்துத்தான் அது பிழைக்க வேண்டும். எரிக்க ஆக்ஸிஜன் வேண்டும். அதை வேர் தன்னைச் சுற்றியுள்ள மண் இடுக்கில் இருந்துதான் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது.

நல்ல மண்ணில் பாதிதான் கெட்டிப் பொருள். மீதிப் பாதி சந்து பொந்து. அதில் ஏறக்குறைய பாதியில் தண்ணியும் பாதியில் காற்றும் இருந்தால் வேருக்குச் சுகம். காற்று நிற்கும் சந்து மண்ணின் மொத்தக் கனஅளவில் 10 சதவீதத்துக்குக் கீழே போனால் பெரும்பாலான மரங்களின் வேருக்குத் திணறல் ஆரம்பிக்கிறது.

தண்ணியிலும் ஆக்ஸிஜன் கரைந்துதானே இருக்கும் என்று கேட்கலாம். ஒரு லிட்டர் காற்றில் சுமார் 270 மில்லிகிராம் ஆக்ஸிஜன் உண்டு. நம் ஊர் வெயிலில் ஒரு லிட்டர் தண்ணியில் கரைந்திருப்பது 7, 8 மில்லிகிராம்தான். அதுவும் தண்ணிக்குள் நகரும் வேகம் காற்றில் நகர்வதில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. சந்தெல்லாம் தண்ணி அடைத்துக்கொண்டால், இருக்கிற ஆக்ஸிஜனை வேரும் நுண்ணுயிரும் கொஞ்ச நேரத்தில் குடித்து முடித்துவிடும். மேலிருந்து புதுசு வந்து சேராது. மண் சூடாக இருக்கும்போது இது இன்னும் வேகமாக நடக்கும்.

ஆக்ஸிஜன் இல்லாமலும் வேர் கொஞ்ச நாள் தாக்குப் பிடிக்கும், சர்க்கரையைப் புளிக்க வைத்து. ஆனால் அதில் கிடைக்கிற சக்தி, மூச்சு விட்டு எரித்தால் கிடைப்பதில் பதினைந்தில் ஒரு பங்குகூட இல்லை. பதினைந்து ஆள் வேலையை ஒரே ஆள் செய்கிற மாதிரி.

அந்த ஒரு ஆளால் என்ன வேலை ஆகும்? நைட்ரேட், பாஸ்பேட், பொட்டாஷ் மூன்றும் தண்ணியோடு தானாக வேருக்குள் நுழைந்துவிடுவதில்லை. பெரும்பாலும் வேர் சக்தி செலவழித்து, மோட்டார் வைத்து இறைக்கிற மாதிரி இழுக்க வேண்டும். கரண்ட் போனால் கிணற்றில் தண்ணி இருந்தும் வாய்க்காலில் வராது இல்லையா, அதே கதைதான்.

நெல் மட்டும் எப்படிச் சேற்றில் நிற்கிறது? அதன் தண்டிலிருந்து வேர்வரை காற்றுக் குழல் ஓடுகிறது. தென்னைக்கும் வேரில் வெள்ளையாக, சின்ன முள் மாதிரி மூச்சு விடும் உறுப்புகள் உண்டு. ஆனால் அவை மண்ணில் இருக்கிற காற்றைத்தான் வாங்க முடியும்.

உப்பு மண்ணின் மூக்கை அடைத்த கதை

நம் பகுதியில் மண் எப்படி இந்த நிலைக்கு வந்தது? பனியன் துணிக்குச் சாயம் ஏற்றும்போது, சாயம் பருத்தி நூலில் ஒட்டுவதற்கு உப்பு போடுகிறார்கள். சாதா உப்பு அல்லது கிளாபர் உப்பு என்கிற சோடியம் சல்பேட். கருத்த நிறம் என்றால் லிட்டருக்கு 80 கிராம் வரைகூடப் போகும். இந்த உப்பு துணியோடு போவதில்லை, அத்தனையும் கழிவுநீரில் வந்துவிடுகிறது.

வெள்ளிங்கிரி மலையில் பிறந்து கரூர் மாவட்டத்தில் காவிரியில் சேரும் நொய்யல், திருப்பூரைத் தாண்டும்போது பல வருசம் இந்தக் கழிவைச் சுமந்தது. பாசனத்துக்காகக் கட்டி 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை சாயத்தண்ணி தேங்கும் தொட்டியாகிப் போனது. உழவர்கள் நீதிமன்றம் போனார்கள். 2006-ல் சென்னை உயர் நீதிமன்றமும் 2009-ல் உச்ச நீதிமன்றமும் ஆற்றில் கழிவு விடக்கூடாது என்றன. அப்படியும் நிற்காததால் 2011 ஜனவரி 28 அன்று சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. அதன் பிறகுதான் கழிவை வெளியே விடாமல் சுத்திகரித்துத் திரும்பப் பயன்படுத்தும் முறைக்குத் தொழில் மாறியது.

இங்கேதான் பலருக்குக் குழப்பம். "சாயத்தண்ணி வந்தப்பக்கூட மண்ணுல தண்ணி இறங்குச்சு. மழை நல்லாப் பேஞ்ச பிறகுதான் ஓடு கட்டுது" என்று சொல்லும் உழவர்கள் உண்டு. அவர்கள் பார்த்தது பொய்யில்லை. களிமண் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, சின்னச் சின்னக் குருணையாக இருந்தால்தான் இடையில் சந்து இருக்கும். கால்சியம் அவற்றைச் சேர்த்துப் பிடிக்கும், சோடியம் பிரித்துவிடும். தண்ணியில் உப்பு ரொம்ப அதிகமாக இருக்கும்வரை அந்த உப்பே துகள்களைப் பிரியவிடாமல் வைத்திருக்கும். மழைத்தண்ணி வந்து கரைந்த உப்பைக் கழுவிக்கொண்டு போகும். ஆனால் துகளில் ஒட்டின சோடியம் போகாது. அப்போது களி பால் மாதிரி கரைந்து சந்துகளில் இறங்கி அடைத்துக்கொள்ளும். உவர் நிலம் களராவது இப்படித்தான்.

சரி, கடற்கரையில் உப்புக்காற்றில் தென்னை செழிப்பாக நிற்கிறதே? அங்கே இருப்பது மணல். கரைந்து அடைக்கக் களி இல்லை. தண்ணி ஏறும், இறங்கும், கூடவே காற்றும் வரும். தென்னை ஓரளவு உப்பைத் தாங்கும் மரம்தான். அதனால் தாங்க முடியாதது மூச்சு அடைப்பை.

உப்பும் மூச்சடைப்பும் சேர்ந்தால் கேடு இன்னும் பெரிசு. சோடியத்தை உள்ளே விடாமல் தடுப்பதும், நுழைந்ததைத் திருப்பி வெளியே தள்ளுவதும் வேரின் காவல் வேலை. அதற்கும் சக்தி வேண்டும். மூச்சு இல்லாத வேர் பொட்டாஷை உள்ளே இழுக்கவும் முடியாமல், சோடியத்தையும் குளோரைடையும் வெளியே நிறுத்தவும் முடியாமல் போகிறது. அதே அளவு உப்பு உள்ள இரண்டு வயலில், காற்றோட்டம் உள்ளதில் மரம் சமாளிக்கும், தண்ணி தேங்குவதில் இலை கருகும்.

எந்தச் சத்துக்கு என்ன ஆகிறது

தழைச்சத்து: எருவில் உள்ள தழைச்சத்தை நைட்ரேட்டாக மாற்றும் நுண்ணுயிருக்கு ஆக்ஸிஜன் கட்டாயம் வேண்டும். ஏற்கெனவே மண்ணில் இருக்கும் நைட்ரேட்டையும், காற்றில்லாத இடத்தில் வாழும் வேறு நுண்ணுயிர்கள் பிடித்து மூச்சுக்குப் பயன்படுத்தி, வாயுவாக வானத்துக்கு அனுப்பிவிடும். வைத்ததும் போச்சு. அடிமட்டை வெளுப்பது இதனால்.

சாம்பல் சத்து: தேங்காய் காய்க்க மரம் அதிகமாகக் கேட்பது இதைத்தான். இழுக்கச் சக்தி இல்லை, போட்டிக்குச் சோடியம் வேறு. அடிமட்டைகளின் நுனியில் இருந்து மஞ்சளும் ஆரஞ்சுப் புள்ளியும் தெரியும்.

மணிச்சத்து: தென்னைக்கு வேர்த்தூவி கிடையாது. வேரோடு கூட்டாளியாக வாழும் வேர்ப்பூசணம்தான் தூரத்து மணிச்சத்தைக் கொண்டுவந்து தருகிறது. அதற்கும் மூச்சு வேண்டும்.

இரும்புச்சத்து: நம்முடையது பல இடத்தில் சுண்ணாம்பு கலந்த மண். ஈரம் அடைத்து நிற்கும்போது வேரும் நுண்ணுயிரும் விட்ட கரியமில வாயு வெளியேறாமல் பைகார்பனேட்டாகச் சேரும். அது இரும்பை மரத்துக்கு எட்டாமல் செய்யும். எலுமிச்சையிலும் கொய்யாவிலும் நரம்பு பச்சையாக, இடைப்பகுதி வெளுத்துக் கொழுந்து வந்தால் இதையும் சந்தேகப்படுங்கள்.

கந்தகம்: கிளாபர் உப்பு விட்டுப்போன சல்பேட் மண்ணில் இருந்து, காற்றும் இல்லையென்றால், அது ஹைட்ரஜன் சல்பைடு ஆகும. அழுகின முட்டை வாடை அதுதான். அது வேருக்கு விஷம்.

கடைசியாகத் தண்ணி. மூச்சு முட்டும் வேர் தண்ணி உறிஞ்சும் வாசல்களையும் மூடிக்கொள்ளும். ஈரத்தில் நின்றுகொண்டே மரம் வாடும். நாம் வாட்டத்தைப் பார்த்து இன்னொரு தண்ணி கட்டுவோம். மூழ்குகிறவன் தலையில் இன்னொரு குடம் ஊற்றுவது மாதிரி.

இயற்கை உழவர் செய்யும் தப்பு

இதைச் சொல்லும்போது சிலருக்கு வருத்தம் வரும், ஆனாலும் சொல்லத்தான் வேண்டும். மக்காத சாணியையும் பச்சைத் தழையையும் காற்றில்லாத மண்ணில் ஆழமாகப் புதைத்தால், அதை மக்க வைக்கும் நுண்ணுயிர்கள் மிச்சமிருக்கும் ஆக்ஸிஜனையும் குடித்துவிடும். நல்லது என்று செய்தது வேரின் மூச்சைப் பறிக்கும். ஜீவாமிர்தத்தில் நாம் வளர்க்கும் நல்ல உயிர்கள் பலவற்றுக்கும் மூச்சு வேண்டும். அடைத்த மண்ணில் அவை வேலை செய்யாது. எரு தப்பில்லை. மக்கிய எருவை மேலாக இட்டு, மேலே மூடாக்குப் போடுவதுதான் சரி.

வீட்டிலேயே செய்யும் ஐந்து சோதனை

1. குழி: மரத்திலிருந்து நாலு அடி தள்ளி இரண்டடி ஆழம். நிறத்தையும் வாடையையும் வேரையும் பாருங்கள். சாம்பல், நீலம் பாய்ந்த நிறமும் முட்டை வாடையும் தோல் கழலும் வேரும் மூச்சடைப்பின் அடையாளம்.

2. கட்டி: பட்டாணி அளவு காய்ந்த மண்கட்டியை ஒரு டம்ளர் மழைத்தண்ணியில் ஆட்டாமல் போட்டு ஒரு ராத்திரி விடுங்கள். மழைத்தண்ணி இல்லையென்றால் ஆர்.ஓ. தண்ணி. கட்டி உடைந்தும் தண்ணி தெளிவாக இருந்தால் பரவாயில்லை. கட்டியைச் சுற்றிப் பால் மாதிரி கலங்கினால் சோடியம் பிடித்திருக்கிறது. போர்வெல் தண்ணியில் செய்யாதீர்கள். அதிலுள்ள உப்பு கலங்கலை மறைத்துவிடும்.

3. தண்ணி இறக்கம்: ஒன்றரை அடிக் குழியில் தண்ணி நிரப்பி, அது வடிந்ததும் மறுபடி நிரப்புங்கள். இரண்டாம் முறை ஒரு மணி நேரத்தில் ஒரு விரல்கடைகூட இறங்காவிட்டால் வடிகால் இல்லை என்று அர்த்தம்.

4. கம்பி: மூன்றடி இரும்புக் கம்பியை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, ஈரம் உள்ள இடத்தில் அடித்து இரண்டு மாதம் விடுங்கள். பிடுங்கிப் பார்த்தால் செந்துரு பிடித்த உயரம்வரை காற்று போகிறது. துரு இல்லாமல் சாம்பலாக, கருப்பாக இருக்கும் பகுதிக்குக் காற்று போகவில்லை. ஒரு தோப்பில் நாலைந்து இடத்தில் அடித்தால் எந்த வரிசை மோசம் என்று தெரிந்துவிடும்.

5. எலுமிச்சை: மண்கட்டியில் எலுமிச்சைச் சாறு விடுங்கள். நுரைத்தால் மண்ணில் சுண்ணாம்பு உண்டு. இது நல்ல சேதி, ஏன் என்று கீழே சொல்கிறேன்.

இவற்றோடு மண்ணையும் கிணற்றுத் தண்ணியையும் ஆய்வுக்கூடத்தில் கொடுத்துப் பாருங்கள். பிஎச் 8.5-க்கு மேலும், மாற்றீட்டுச் சோடியம் 15 சதவீதத்துக்கு மேலும் இருந்தால் அது களர்.

செய்ய வேண்டிய வரிசை

முதலில் வடிகால். இதை விட்டுவிட்டு வேறு எது செய்தாலும் காசு வீண். தோப்பின் தாழ்ந்த பக்கமாக இரண்டரை, மூன்றடி ஆழத்தில் வடிகால் எடுங்கள். வரிசைக்கு நடுவில் சின்ன வடிகால்கள் அதில் வந்து சேரட்டும்.

இரண்டாவது, தண்ணி கட்டுவதில் இடைவெளி. நாள் கணக்குப் பார்த்துக் கட்டாமல், ஒரு அடி ஆழத்து மண்ணைக் கையில் பிடித்துப் பார்த்துக் கட்டுங்கள். ஈரமான மண்ணில் டிராக்டரை விடவே கூடாது.

மூன்றாவது, கால்சியம். எலுமிச்சைக்கு நுரைத்த மண்ணில் கால்சியம் சுண்ணாம்பாகப் பூட்டிக் கிடக்கிறது. பூட்டைத் திறக்க அமிலம் வேண்டும். மழை தொடங்கியதும் தக்கைப்பூண்டு விதையுங்கள். அது களரையும் ஈரத்தையும் தாங்கும். அதன் வேர் விடும் கரியமில வாயு சுண்ணாம்பைக் கரைத்துக் கால்சியத்தை விடுவிக்கும். வேர் மக்கிய தடத்தில் காற்றுக்கும் வழி கிடைக்கும். பூக்கும்போது அறுத்து, புதைக்காமல் மூடாக்காகப் போடுங்கள். சுண்ணாம்பு இல்லாத மண்ணுக்கும் ரொம்ப முற்றின களருக்கும் சுரங்க ஜிப்சம் வேண்டியிருக்கும். அளவை மண் ஆய்வு சொல்லட்டும். அங்ககச் சான்று வாங்கியவர்கள் சான்று நிறுவனத்திடம் கேட்டுக்கொண்டு போடுங்கள். ஜிப்சத்திலும் சல்பேட்தான் இருக்கிறது. வடிகால் இல்லாமல் போட்டால் முட்டை வாடைக்கே தீனி போட்ட மாதிரி ஆகும்.

நான்காவது, மூச்சுக் குழி. மரத்திலிருந்து நாலு அடி தள்ளித் தொடங்கி, வெளிப்பக்கமாக ஒரு அடி அகலம், ஒன்றரை அடி ஆழத்தில் வாய்க்கால் எடுத்து, பருமணலும் நன்றாக மக்கிய எருவும் கலந்து நிரப்புங்கள். இந்த வருசம் எதிரெதிராக இரண்டு, அடுத்த வருசம் மற்ற இரண்டு. ஒரே வருசத்தில் நாலு பக்கமும் வேரை அறுக்க வேண்டாம். வாய்க்காலின் வெளிமுனை வடிகாலில் சேர வேண்டும். இல்லையென்றால் அது தண்ணி தேங்கும் தொட்டியாகிவிடும்.

ஐந்தாவதுதான் எரு. மக்கியதாக, கொஞ்சம் கொஞ்சமாக, மேலாக. தென்னை மட்டை மூடாக்கின் கீழே மண்புழு வந்துவிட்டால் அதுவே மேலும் துளை போடும்.

புதுசாக நடுகிறவர்கள் மேட்டுப்பாத்தி கட்டி நடுங்கள். பப்பாளியும் முருங்கையும் தண்ணி தேக்கம் தாங்காதவை. பப்பாளி இரண்டு மூன்று நாள் தேங்கினாலே போய்விடும். புங்கன், கருவேலம் போன்றவை ஓரளவு தாங்கும். ஓரத்தில் அவற்றை முதலில் வைத்து மண்ணைத் திறக்க விடுங்கள்.

ஒரு எச்சரிக்கை. கிணற்றுத் தண்ணியிலேயே சோடியம் அதிகமாக இருந்தால், ஒரு பக்கம் கழுவக் கழுவ மறுபக்கம் ஏறிக்கொண்டே இருக்கும். அப்படிப்பட்ட தோட்டத்தில் மழைத்தண்ணிதான் மருந்து. நம் பகுதியில் வருசத்துக்குப் பெய்வதே 600, 700 மில்லிமீட்டர்தான். பண்ணைக்குட்டையும் வரப்பும் போட்டு அதில் ஒரு சொட்டும் வீணாகாமல் பிடியுங்கள்.

எத்தனை நாள் ஆகும்?

தென்னையில் ஒரு பாளை, வெளியே தெரிவதற்கு இரண்டரை வருசத்துக்கு முன்பே குருத்துக்குள் உருவாகிவிடுகிறது. வெடித்த பிறகு காய் முற்ற இன்னும் ஒரு வருசம். ஆகவே இன்று மண்ணைத் திறந்தால் அதன் முழுப் பலன் தேங்காயில் தெரிய மூன்று வருசத்துக்கு மேல் ஆகும். காயை எண்ணி அவசரப்பட்டு முடிவு எடுக்காதீர்கள். முதலில் குழி தோண்டி வெள்ளை வேரைத் தேடுங்கள். அடுத்துப் புதுக் குருத்தின் நீளத்தையும் நிறத்தையும் பாருங்கள். தேங்காய் கடைசி.

அந்தத் தோப்புக்காரர் யாவாரியை அந்த மாசம் வர வேண்டாம் என்று சொல்லிவிட்டார். வடிகால் எடுத்தார், இரண்டு ஆவணி தக்கைப்பூண்டு போட்டார். எருவைப் பாதியாகக் குறைத்தார். எல்லா மரமும் தேறவில்லை. ஆற்றை ஒட்டின தாழ்வான வரிசையைக் கடைசியில் வெட்டத்தான் வேண்டியிருந்தது. மேல் வரிசைகளில் கொண்டை விரிந்து குரும்பை நிற்கிறது.

போன மாதம் போனபோது அவரே ஒரு குழியைத் தோண்டி வைத்திருந்தார். உள்ளே இருந்து ஒரு பிடி மண்ணை எடுத்து என் மூக்குக்கு நேரே நீட்டினார். "இப்ப மோந்து பாரு கண்ணு."

மழை பெய்த மண் வாசம்தான் வந்தது.

உங்கள் தோப்பிலும் அடுத்த எருவை வண்டியில் ஏற்றும் முன்னால் ஒரு குழி போட்டு மோந்து பாருங்கள்.